ரெட் பின்னில் ஒரு டிபன் பாக்ஸ்

1. ஷாப்பிலேயே சுத்தமான இடம்

எங்கள் மெஷின் ஷாப்பில் இருந்ததிலேயே சுத்தமான இடம் ரெட் பின்தான். இன்றைக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதில் என்ன விசேஷம் என்று தோன்றும், அதனால் விளக்கிவிடுகிறேன். ரெட் பின் என்பது கெட்டுப்போன பீஸைப் போடுகிற சிவப்புப் பெட்டி. அளவு தப்பியது, வெட்டு விழுந்தது, கீழே விழுந்து நசுங்கியது எல்லாம் அதில்தான் போக வேண்டும். ஓடுகிற ஷாப் என்றால் ஷிஃப்ட் முடிவில் நாலு பீஸாவது எண்ணெய் வடிய அதில் கிடக்கும். எங்கள் ரெட் பின்னில் தூசிகூட இருக்காது. மாதேஷ் என்ற ஆபரேட்டர் தன் டிபன் பாக்ஸை அதில்தான் வைப்பான். ராகிக் களி அங்கே வைத்தால் ஆறாமல் இருக்கிறது என்பான்.

நான் வேலுச்சாமி. ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூருக்கு வந்து, ஒரே கம்பெனியில் ஆபரேட்டராக, மெஷினை செட் பண்ணிக் கொடுக்கிற செட்டராக, சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவன். நான் சொல்லப்போவது இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து நடந்தது. செல்போனை மிஸ்டு கால் கொடுக்க மட்டுமே வைத்திருந்த காலம். டூ-வீலருக்கு பிரேக் கேம் செய்து ஒரு பெரிய வண்டிக் கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். பிரேக் கேம் என்பது விரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டு. பிரேக்கை மிதித்தால் அது திரும்பித்தான் உள்ளே இருக்கும் பிரேக் ஷூவை விரிக்கும். அதன் முகம் ஒரு டிகிரி கோணினாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது.

ரெட் பின் சுத்தமாக இருந்ததற்குக் காரணம் ராவ் சார். எங்கள் பிளான்ட் ஹெட், கன்னடக்காரர். நல்ல மனுஷன், ஆனால் காலை ஒன்பதிலிருந்து ஒன்பதேகால் வரை மட்டும் கிடையாது. அந்தப் பதினைந்து நிமிஷம் ரெட் பின் மீட்டிங். பெட்டியில் கிடக்கும் பீஸைத் தூக்கிப் பிடித்து, "இது யாருது?" என்பார். பதில் வராவிட்டால் கன்னடத்தில் கேட்பார், அப்புறம் தெலுங்கில் கேட்பார். எங்கள் ஷாப்பில் இந்த மூன்றில் ஒன்றாவது தெரியாத ஆள் கிடையாது, அதனால் தப்பிக்க வழியில்லை. யாருது என்று தெரிந்துவிட்டால் அந்த ஆளைப் பெற்றவர், படிக்கவைத்த வாத்தியார், வேலைக்கு எடுத்த ஹெச்.ஆர். எல்லோருக்கும் சேர்த்து அர்ச்சனை நடக்கும்.

இரண்டே மாதத்தில் ரெட் பின் காலி. போர்டில் "இன்றைய ரிஜெக்‌ஷன்: 0" என்று தினமும் எழுதினோம். ஆடிட்டுக்கு வந்த கஸ்டமர் ஆட்கள் மெச்சினார்கள். ஒருத்தர் மட்டும் பெட்டிக்குள் இருந்த டிபன் பாக்ஸைக் காட்டி இது என்ன என்று கேட்டார். எங்கள் சீனியர் ஆபரேட்டர் ஜப்பார் பாய் கொஞ்சமும் அசராமல், "ஃபைவ் எஸ் சார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம்" என்றார். அவரும் தலையாட்டி எழுதிக்கொண்டு போனார்.

கெட்ட பீஸே வராத மெஷின் உலகத்தில் கிடையாது. அப்படியானால் அதெல்லாம் எங்கே போனது என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட் செக்யூரிட்டி பையைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார், ஆகவே வெளியே போகவில்லை. ஸ்கிராப் யார்டுக்கு ரெட் பின் வழியாகத்தான் போக முடியும், ஆகவே அங்கேயும் போகவில்லை. இதற்கு மேல் அப்போது நாங்கள் யாரும் யோசித்ததில்லை. யோசித்தால் நம் பங்கும் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

2. யானைக்கு எவிடென்ஸ்

மாதேஷுக்கு ஊர் தேன்கனிக்கோட்டை தாண்டிக் காட்டோரம். இருபத்தெட்டு வயசு, ஒரு பெண் குழந்தை. மூன்று வருஷமாக கான்ட்ராக்டில் இருந்தான். கம்பெனி பஸ் தேன்கனிக்கோட்டை வரை போகும், ஆனால் பர்மனென்ட் ஆட்கள் மட்டும்தான் ஏறலாம். இவன் இருட்டோடு எழுந்து சைக்கிள் மிதித்து தேன்கனிக்கோட்டை வந்து, கம்பெனி பஸ் தன் முன்னால் காலியாகப் போவதைப் பார்த்துக்கொண்டே டவுன் பஸ்ஸுக்கு நிற்பான். வழியில் யானை நின்றால் அது போகும்வரை இவனும் நிற்க வேண்டும். டைம் ஆபீஸ் ரெஜிஸ்டரில் லேட்டுக்குக் காரணம் என்ற கட்டத்தில் அவன் பெயருக்கு நேரே "யானை", "யானை", "யானை, குட்டியுடன்" என்று வரிசையாக இருக்கும்.

ராவ் சார் ஒருநாள் அந்த ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டுச் சிவப்பு மையில் "எவிடென்ஸ்?" என்று எழுதினார். அடுத்த வாரம் மாதேஷ் ஒரு பாலித்தீன் கவரோடு வந்து டைம் ஆபீஸ் மேஜைமேல் வைத்தான். உள்ளே யானை லத்தி. "இன்னிக்கிதுதாங்க சார். தொட்டுப் பாருங்க, சூடு ஆறல" என்றான். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எவிடென்ஸ் கேட்பதும் நின்றுபோனது.

ஆள் அப்படிப்பட்டவன் என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். உள்ளதை உள்ளபடி கொண்டுவந்து மேஜைமேல் வைக்கிற ஆள். ஒரு திங்கட்கிழமை காலை ரெட் பின்னில் மூன்று பீஸ் கிடந்தன. ஷாப்பே நின்று பார்த்தது. அளவு பார்க்கிற கேஜில் உட்காரவில்லை, அதனால் போட்டேன் என்று மாதேஷ் சாதாரணமாகச் சொன்னான். அன்றைய மீட்டிங் பதினைந்து நிமிஷத்தில் முடியவில்லை. ராவ் சார் முடித்ததும் சும்மா இருக்காமல் நானும் என் பங்குக்கு, "கேஜைக் கையில குடுத்தா பெரிய இன்ஸ்பெக்டர்னு நெனப்பா உனக்கு?" என்று கேட்டேன். மறுநாள் டிபன் பாக்ஸ் மறுபடி ரெட் பின்னுக்குள் வந்துவிட்டது.

நான் ஏன் அவ்வளவு காட்டமாகப் பேசினேன் என்பதை இன்னும் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

3. கவிழ்த்த முக்கோணம்

அந்தச் சமயத்தில்தான் ராவ் சாரையும் எங்களில் சிலரையும் பெங்களூரில் ஒரு ஹோட்டலுக்கு இரண்டு நாள் ட்ரெயினிங் அனுப்பினார்கள். டை கட்டிய ஒருத்தர் பலகையில் "சர்வன்ட் லீடர்ஷிப்" என்று எழுதி, ஒரு முக்கோணத்தைத் தலைகீழாக வரைந்தார். மேலே தொழிலாளி, அடியில் கூர்முனையில் மேனேஜர். "தலைவன்ங்கிறவன் வேலைக்காரன். நாளைக்குக் காலைல போனதும் உங்க ஆளுங்ககிட்ட, நான் உங்களுக்கு என்ன செய்யணும்னு கேளுங்க" என்றார். மதியம் நல்ல சாப்பாடு, இரண்டு குலாப் ஜாமூன், அப்புறம் ஏசி. சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சொன்னது எனக்குத் தெரியாது, தூங்கிவிட்டேன். முக்கியமானதெல்லாம் அந்தப் பாதியில்தான் இருந்திருக்கிறது.

ராவ் சார் அந்த முக்கோணத்தை ஜெராக்ஸ் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். தலைகீழாக ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்து செக்யூரிட்டி அதை நேராகத் திருப்பி ஒட்டிவிட்டார். மறுநாள் ரெட் பின் மீட்டிங்கில் வெளி டிபார்ட்மென்ட் பீஸ் ஒன்று எப்படியோ கிடந்தது. ராவ் சார் நெஞ்சில் கைவைத்து, "இன்னிலேருந்து நான் உங்க சேவகன்" என்று தொடங்கினார். அப்புறம் பீஸைத் தூக்கி, "இப்ப சொல்லுங்க, எந்த முட்டாளுது இது?" என்றார்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? காலையில் நேராக ஜப்பார் பாயிடம் போய், "பாய், நான் உங்களுக்கு என்ன செய்யணும்?" என்றேன். நான் செட்டராக இருந்தவரை என்னை வேலு என்று கூப்பிட்டவர் அவர். சூப்பர்வைசர் ஆனதும் சார் போட ஆரம்பித்திருந்தார், அதில் மரியாதையைவிட நக்கல்தான் அதிகம். மெஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேராச் சொல்லுங்க சார். யாரைத் தூக்கப் போறீங்க?" என்றார்.

மாதேஷிடம் கேட்டேன். "ஒண்ணும் வேணாங்க சார். என் பக்கம் வராம இருந்தாப் போதும்" என்றான். வேண்டாவெறுப்பாகச் சொல்லவில்லை, நல்ல மனசோடுதான் சொன்னான்.

விட்டேனா? மூன்று நாள் நானே டீ கொண்டுபோய்க் கொடுத்தேன், கூலன்ட் கேன் தூக்கினேன், இரும்புச் சீவலைக் கூட்டி அள்ளினேன். என்னை வேடிக்கை பார்ப்பதில் புரொடக்‌ஷன் குறைந்தது. டீயை வாங்கியவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று குடிக்காமல் வைத்திருந்தார்கள். நாலாம் நாள் வீட்டுக்குப் போனால் என் மனைவி வாசலிலேயே நிற்கிறாள். "ஏங்க, உங்கள ஹெல்பரா இறக்கிட்டாங்களாமே, எதுத்த வீட்ல சொல்றாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கண் கலங்கினாள். அன்றோடு துடைப்பத்தை வைத்துவிட்டேன்.

4. ஐந்து பீஸ்

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருக்கும்போது ராவ் சார் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் ஐந்து பிரேக் கேம். கஸ்டமர் திருப்பி அனுப்பியது. ஐந்திலும் முகம் கோணல். நல்லவேளையாக வண்டியில் மாட்டுவதற்கு முன்பே அவர்கள் லைனில் கண்டுபிடித்துவிட்டார்கள். பூஜை லீவு முடிவதற்குள் காரணம் கண்டுபிடித்து எழுத்தில் தர வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் நிற்கும் என்று லெட்டர் வந்திருந்தது.

எங்கள் பீஸ் ஒவ்வொன்றிலும் அது எந்த வாரம் ஓடியது என்று ஒரு எண் குத்தியிருக்கும். ஐந்திலும் முப்பத்தெட்டு. அந்த வாரம் மில்லிங் மெஷினில் நின்றது மாதேஷ். கூப்பிட்டுக் கேட்டோம். அவன் மறைக்கவில்லை. "கேஜ் வெச்சுப் பாக்குறத விட்டுட்டேங்க சார். பாத்தாத்தானே தப்பு தெரியும். தெரிஞ்சா ரெட் பின்ல போடணும். போட்டா நீங்க கத்துவீங்க. பாக்கலைன்னா எல்லாமே நல்ல பீஸ்தானுங்களே" என்றான்.

அவனை வெளியே அனுப்பிவிட்டு ராவ் சார் ஒரு கவரை எடுத்துக் காட்டினார். மாதேஷின் பர்மனென்ட் ஆர்டர். பூஜையன்று பொரி கடலையோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று டைப் அடித்து வைத்திருந்தார். "இது வேணாம். பூஜை முடிஞ்சதும் அவனை நிறுத்திடுங்க வேலுச்சாமி. ஆபரேட்டர் நெக்லிஜென்ஸ்னு ரிப்போர்ட் எழுதிடலாம்" என்றார். நான், "சரிங்க சார்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தைக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கம். ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும். பீஸைப் பிடிக்கிற ஃபிக்ஸ்சரில் லொகேட்டர் என்று ஒரு சின்ன எஃகுத் துண்டு உண்டு. பீஸ் சரியான கோணத்தில் உட்கார்வது அதனால்தான். இருபத்தேழாம் வாரம், நான் செட்டராக இருந்த கடைசி வாரம், அது உடைந்துவிட்டது. புதுசு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். லைன் நிற்கக்கூடாது என்று பாகலூர் ரோட்டில் ஒரு லேத் பட்டறையில் ஒன்று கடைந்து வாங்கி மாட்டினேன். அதைப் பழுக்கக் காய்ச்சி ஹார்டனிங் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரம் தேயும். நாளைக்குப் பண்ணலாம் என்று விட்டேன். நாளைக்கு என்னை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். லட்டு கொடுக்கிற அவசரத்தில் மறந்தே போனேன்.

ஐந்து வாரம் கழித்து மெஷினைச் செக் பண்ணும்போது ஆறு பீஸ் கோணலாக வந்தது. தேய்மானம் என்று உடனே புரிந்தது. வெளியே சொன்னால் புது சூப்பர்வைசர் நாற்காலி போய்விடும் என்று பயம். அடியில் ஒரு மெல்லிய தகடு கொடுத்துச் சமாளித்தேன். ஆறு பீஸையும் மூலையில் கிடந்த பழைய டிரில்லிங் மெஷினின் எலக்ட்ரிக்கல் பேனலுக்குள் துணியில் சுற்றி வைத்தேன். மாதேஷ் அந்த மூன்று பீஸைப் போட்ட அன்று நான் ஏன் குதித்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும். மடியில் கனம் இருந்தது, அதனால் வழியில் பயம்.

5. கழுவல்

ஆயுத பூஜை அன்று எங்களுக்கு லீவு. ஆகவே முந்தின நாளே மெஷினை நிறுத்தி, காலையில் ஷாப் முழுக்கக் கழுவி, பத்தரைக்குப் பூஜை வைப்போம். கழுவல் என்றால் பேனலைத் திறந்து துடைப்பது வரை உண்டு. எட்டு மணிக்குத்தான் ஆரம்பம், நான் ஆறரைக்கே போனேன். பனியில் சிப்காட் முழுக்கக் கண் தெரியவில்லை. என் ஆறு பீஸை எடுத்து வேறெங்காவது வைக்க வேண்டும்.

உள்ளே போனால் சாமி மாடத்துக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு ஜப்பார் பாய் நிற்கிறார். கையில் துணி. "என்ன பாய், இவ்வளவு சீக்கிரம்?" என்றேன். "தூசியா இருக்குது சார். நீங்க?" என்றார். "எனக்கும் தூசிதான் பாய்" என்றேன். நான் பேனலைத் துடைத்தேன், அவர் மாடத்தைத் துடைத்தார். நான் இருப்பதால் அவர் எடுக்கவில்லை, அவர் இருப்பதால் நான் எடுக்கவில்லை. அரை மணி நேரம் துடைத்ததில் அந்த இரண்டு இடமும் பளபள என்று ஆகிவிட்டது.

ஏழு மணிக்குள் மாதேஷைத் தவிர லைன் ஆட்கள் பதினோரு பேரும் வந்துவிட்டார்கள். அத்தனை வருஷத்தில் கழுவலுக்கு இப்படி ஒரு ஆர்வத்தை நான் பார்த்ததில்லை. ஒருத்தன் ரோஜாத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருக்கிறான், கேட்டால் உரம் வைக்கிறானாம். ஒருத்தன் கம்ப்ரசர் ரூமை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு கூட்டுகிறான். இன்னொருத்தன் டாய்லெட் கழுவ நானே போகிறேன் என்கிறான், அவன் தன் வீட்டில்கூடக் கழுவாதவன். மாதேஷ் ஒருத்தன்தான் எட்டு மணிக்கு வந்து, தரையைத் துடைக்க ஆரம்பித்தான்.

எட்டேகாலுக்கு கலைச்செல்வி மேடம் வந்தார். குவாலிட்டி இன்ஸ்பெக்டர், சேலத்துக்காரர், அளந்துதான் பேசுவார். பூ கட்டி எடுத்து வந்திருந்தார். மாலை போட சாமி படத்தைக் கீழே இறக்க வேண்டும் என்றார். ஜப்பார் பாய், "நான் இறக்கித் தரேம்மா, நீங்க விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஓடினார். அதற்குள் அவர் ஸ்டூலில் ஏறி படத்தைத் தூக்கிவிட்டார். படத்துக்குப் பின்னாலிருந்து பதினாலு பிரேக் கேம் கடகடவென்று கீழே வைத்திருந்த பொரித் தட்டில் விழுந்தன.

கலைச்செல்வி மேடம் ஒரு பீஸை எடுத்துப் பொரியை ஊதிவிட்டுப் பார்த்தார். "யாருது இது?" என்றார். ராவ் சார் கேட்கிற அதே கேள்வி. எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

மாதேஷ் மாப் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தான். "என்னுதுன்னே எழுதிக்கங்க மேடம். எப்படியும் நான்தான் போகப் போறேன். ஒரே ஆளோட போகட்டும்" என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். அவன் தரை காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே சொன்னான். நேரே பேனலுக்குப் போய்த் துணி மூட்டையை எடுத்துவந்து மேஜைமேல் அவிழ்த்தேன். "இந்த ஆறும் என்னுது. லொகேட்டரை ஹார்டனிங் பண்ணாம மாட்டினதும் நான்தான். மாதேஷ் போட்ட மூணு பீஸுக்கு அன்னிக்கே நான் வாயைத் திறந்திருந்தா இது எதுவும் நடந்திருக்காது" என்றேன். சொல்லி முடித்ததும் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

அப்புறம் ஜப்பார் பாய் தொண்டையைச் செருமினார். "ஏப்பா வேலு, அந்தப் பதினாலு என்னுது. என்மேல யாருக்கு சந்தேகம் வரும்னு அங்க வெச்சேன். சாமி யார்கிட்டயும் சொல்லாதுன்னும் ஒரு நம்பிக்கை. அதுவும் ரெண்டு மாசம் பொறுத்துப் பாத்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராகப் போய்க் கொண்டுவந்தார்கள். ரோஜாத் தொட்டியிலிருந்து மண்ணோடு வந்தது. கம்ப்ரசர் ரூமிலிருந்து ஒரு பக்கெட் வந்தது. டாய்லெட் ஃப்ளஷ் டேங்கிலிருந்து இருபத்திரண்டு வந்தது. அத்தனை நாளாக ஃப்ளஷில் ஏன் தண்ணீர் அரைகுறையாக வருகிறது என்று நான் மெயின்டெனன்ஸில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நாங்கள் ஷாப்புக்குள்ளேயே ஒரு ஸ்கிராப் யார்டை மறைத்திருந்தோம்.

கலைச்செல்வி மேடம் திட்டவில்லை. பொரிக்கு விரித்திருந்த நீள மேஜையில் வார எண்படி வரிசையாக அடுக்கினார். முப்பத்தொன்றில் ஒன்று. முப்பத்திரண்டில் என் ஆறோடு சேர்த்து எட்டு. அப்புறம் வாரத்துக்கு வாரம் வரிசை நீண்டுகொண்டே போனது. லொகேட்டர் தேயத் தேயக் கெட்ட பீஸ் கூடியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம், சின்னக் குழந்தை பார்த்தாலும் புரியும். "இதெல்லாம் ரெட் பின்ல விழுந்திருந்தா ரெண்டாவது வாரமே நான் சொல்லியிருப்பேனே சார்" என்றார். மாதேஷ் மட்டும் மேஜையை ஒட்டிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "என்கிட்ட ஒண்ணும் இல்லீங்க மேடம். என்னுது பூரா கஸ்டமருக்குப் போயிடுச்சு" என்றான்.

6. இது நந்து

பத்தேகாலுக்கு ராவ் சார் பட்டு வேட்டியோடும் ஐயரோடும் உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்து அப்படியே நின்றார். வழக்கம்போல ஒரு பீஸைத் தூக்கி, "இது யாரு..." என்று ஆரம்பித்தார். மேஜை நீளத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியை முடிக்கவில்லை.

நான் முன்னால் போனேன். "எங்க எல்லாருதும் சார். முதல்ல என்னுது" என்று லொகேட்டர் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். "மாதேஷ் கேஜ் வெக்காதது தப்புதான். அவனை வெக்கவிடாம பண்ணினது நாம. அவனை நிறுத்தணும்னா என்னை முதல்ல நிறுத்திட்டு அப்புறம் அவனைப் பாருங்க சார்" என்றேன். வீட்டில் மனைவி இன்னொரு தடவை கண் கலங்கப்போகிறாள், இந்தத் தடவை நிஜமாகவே என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

ராவ் சார் நேரே கேபினுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஐயர் வாட்ச்சைப் பார்த்தார். "நல்ல நேரம் போயிண்டிருக்கு" என்றார். ஜப்பார் பாய் மெதுவாக, "ஆர்டர் டைப் பண்றாரு போல சாமி. பதினோரு பேருக்கும்னா நேரமாவும்" என்றார்.

கதவு திறந்தது. ராவ் சார் கையில் பேப்பர் எதுவும் இல்லை. ஒரு பிரேக் கேம் இருந்தது. வந்து மேஜைமேல் வைத்தார். "இது நந்து" என்று கன்னடத்தில் சொன்னார். அப்புறம், "என்னுது" என்றார். "ரெண்டு மாசம் முன்ன கஸ்டமர் ஆள் ஒருத்தர் பாத்துக்கோங்கன்னு கையில குடுத்தாரு. ஹெட் ஆபீஸுக்குத் தெரிஞ்சா என்னைக் கேப்பாங்க. டிராயர்ல போட்டுட்டேன்."

கலைச்செல்வி மேடம் அதை எடுத்து எண்ணைப் பார்த்தார். வரிசையின் கடைசிக்குப் போகவில்லை, தொடக்கத்துக்குப் போய் முப்பத்தொன்றுக்கு முன்னால் வைத்தார். "இருபத்தொம்போது. எல்லாத்துக்கும் முந்தினது உங்களுதுதான் சார்" என்றார்.

முதலில் சிரித்தது ஐயர். அவருக்கு எதுவும் புரிந்திருக்காது, எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தார். ராவ் சாரும் சிரித்துவிட்டு வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பொரி தின்ன இடம் இல்லாததால் அந்த வருஷம் எல்லோரும் நின்றுகொண்டே கையில் வாங்கித் தின்றோம்.

7. ஷெல்ஃப்

கஸ்டமருக்கு உண்மையையே எழுதினோம். லீவு நாளிலேயே அவர்கள் ஸ்டோரில் இருந்த எங்கள் பீஸ் அத்தனையையும் பிரித்துக் கேஜ் வைத்துப் பார்த்தோம். மாதேஷ் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு ராவ் சாரும் உட்கார்ந்து பார்த்தார், ரொம்ப மெதுவாகப் பார்த்தார். மாதேஷ், "கேஜை இப்படிப் புடிங்க சார்" என்று இரண்டு தடவை திருத்தினான். ஆர்டர் நிற்கவில்லை. எனக்கு மெமோ வந்தது, அது நியாயம்தான். மாதேஷின் கவர் டிராயரிலேயே மூன்று வாரம் கிடந்து பிறகு அவன் கைக்கு வந்தது. அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறி முதல் சீட்டில் உட்கார்ந்தான். அது டிரைவரோட மச்சான் சீட்டு, எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை.

ரெட் பின் மீட்டிங் அதற்குப் பிறகும் நடந்தது. ராவ் சார் பீஸைத் தூக்கிப் பிடிப்பார், "இது யாரு..." என்று பழக்கத்தில் வாய் போகும், ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, "இது எதனால?" என்று கேட்பார். கேட்ட விதம் மாறியதும் பதில் வர ஆரம்பித்தது. போர்டில் பூஜ்யம் போய் ஏழு, ஒன்பது, பதினொன்று என்று எழுதினோம். அடுத்த ஆடிட்டில், உங்கள் ரிஜெக்‌ஷன் ஏன் இவ்வளவு கூடிவிட்டது என்று கேட்டார்கள். "கூடலைங்க சார், வெளிய வந்திருக்குது" என்றார் ஜப்பார் பாய்.

அந்த ட்ரெயினிங் புத்தகத்தை அப்புறம் தேடி எடுத்து, நான் தூங்கின பாதியைப் படித்தேன். தப்பு நடந்தால் முதலில் போய் நிற்க வேண்டியது தலைவன் என்று அதில் இருந்தது. டீ கொடுப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இளைய பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அதுதான். உன் ஆட்கள் கெட்ட பீஸை உன்னிடம் கொண்டுவர வேண்டும் என்றால், உன்னுடையதை நீ முதலில் மேஜைமேல் வை. ரெட் பின் காலியாக இருந்தால் சந்தோஷப்படாதே, ஃப்ளஷ் டேங்கைத் திறந்து பார்.

ஒரு நாள் காலையில் மாதேஷ் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். அவனாக என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. "சார், ரெட் பின்ல எப்பப் பாத்தாலும் பீஸா கெடக்குது. பாக்ஸ் வெக்க இடமில்ல. ஒரு ஷெல்ஃப் இருந்தா நல்லாருக்கும்" என்றான். நான் உங்களுக்கு என்ன செய்யணும் என்று மூன்று நாள் டீ தூக்கிக்கொண்டு கேட்ட கேள்விக்கு, கடைசியில் ஒரு நிஜமான பதில் வந்துவிட்டது.

மெயின்டெனன்ஸுக்குச் சொல்லாமல் அந்த ஷெல்ஃபை நானே அடித்தேன். ஒரு பக்கம் இறங்கிக் கோணலாகத்தான் வந்தது, களி பாக்ஸ் இன்னும் ஒரு ஓரமாகத்தான் சரிகிறதாம். யாருது இது என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள், வேலுச்சாமியுது.